சாட்சிக்கார முயலும் கருவேல முள்ளும்

காட்டுக் குளத்தின் கரையில் ஒரு முயல் இருந்தது. ஞாயிறுதோறும் பொழுது சாயும் நேரத்தில் அங்கே விலங்குகளின் ஜெபக்கூட்டம் நடக்கும். விலங்குகளுக்கு ஏது ஜெபம் என்று கேட்பவர்கள், அவை பேசுவதை மட்டும் எப்படி நம்பினார்கள் என்று முதலில் சொல்லட்டும்.

கூட்டத்தில் முதல் சாட்சி எப்போதும் முயலுடையதுதான். பின்னங்கால்களில் எழுந்து நின்று, காதுகளை விறைத்துக்கொண்டு சொல்லும்:

“இந்த வாரமும் கர்த்தர் என்னைக் காத்தார்! ஓடினேன், இடறவில்லை. மேய்ந்தேன், ஒரு முள்கூடத் தைக்கவில்லை. ஏன்? விசுவாசம்!”

“ஸ்தோத்திரம்!” என்று தவளைகள் கத்தும். கத்துவது தவளைகளுக்குச் சிரமமான காரியமில்லை.

ஒருநாள் நாரையின் அலகில் சிக்கித் தப்பிய நண்டு, ஒரு கொடுக்கை இழந்தது. தவளையையும் அணிலையும் கூட்டிக்கொண்டு முயல் ஜெபிக்கப் போனது. போன இடத்தில் ஜெபத்துக்கு முன்னால் விசாரணை நடந்தது.

“சகோதரி, மனசைத் தொட்டுச் சொல்லுங்க. மறைவா ஏதாவது பாவம் உண்டா?”

“நாரைக்குப் பசி உண்டு தம்பி. வேற ஒண்ணும் எனக்குத் தெரியல.”

“கர்த்தருக்குப் பிரியமா நடந்தா நாரை கிட்ட வருமா? யோசிச்சுப் பாருங்க!”

நண்டு யோசிக்கவில்லை. வளைக்குள் போய்விட்டது. “பார்த்தீங்களா, மனக்கடினம்!” என்று முயல் தலையை ஆட்டியது.

மழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில், துள்ளிக்கொண்டு போன முயலின் பின்னங்காலில் கருவேல முள் ஏறியது. ஏறியதோடு உள்ளேயே ஒடிந்தும் போனது. முயலுக்கு முதலில் வந்தது வலியல்ல, ‘யாராவது பார்த்துவிட்டார்களோ?’ என்ற எண்ணம்தான்.

யாரும் பார்க்கவில்லை. நொண்டி நொண்டிப் புதருக்குள் புகுந்துகொண்டது. பல்லால் பிடுங்கிப் பார்த்தது, முள் அகப்படவில்லை. கால் வீங்கியது. பக்கத்துச் சரிவில் நரி ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது. ஓட முடியாத முயல் நரிக்கு வெறும் சாப்பாடு. உதவிக்கு ஒரு குரல் கொடுத்தால் போதும். ஆனால் குரல் கொடுத்தால் முள் தைத்தது எல்லாருக்கும் தெரிந்துவிடுமே!

கூட்டத்துக்கு வராத முயலைத் தேடித் தவளையும் அணிலும் வந்தன.

“அண்ணே, ஏன் வெளியே வரல? ஏதாவது கஷ்டமா?” என்றது அணில்.

“கஷ்டம்னா காரணம் இருக்கணுமே,” என்றது தவளை. “அண்ணே, மனசைத் தொட்டுச் சொல்லுங்க. மறைவா ஏதாவது...”

தன் கேள்வி தன்னிடமே வந்ததும் முயலுக்கு உடம்பெல்லாம் கூசியது.

“எனக்கு ஒண்ணுமில்ல! உபவாசத்துல இருக்கேன்!” என்று கத்தியது.

“ஆகா, நமக்காக உபவாசம்!” என்று தவளை குளம் முழுக்கத் தண்டோரா போட்டது. அன்று முதல் புதருக்கு வெளியே பயபக்தியோடு கூட்டம் கூடியது. முயலுக்கு அழுகை வந்தது. நகர முடியாததால் தின்னவும் ஒன்றும் கிடைக்கவில்லை. அந்த அளவுக்குப் பொய் மெய்யாகிவிட்டது.

ஒருநாள் கூட்டம் கலைந்தபின் ஈரமண்ணில் பக்கவாட்டாக நடந்து நண்டு உள்ளே வந்தது.

“உபவாசம் இருந்தா சீழ் நாத்தம் வராது தம்பி. காலைக் காட்டு.”

முயல் காலைக் காட்டியது. முகத்தைக் காட்டவில்லை. நண்டு மிச்சமிருந்த ஒற்றைக் கொடுக்கால் துழாவி, முள்ளைப் பிடித்து இழுத்துப் போட்டது.

“நீங்க கேக்கலையே அக்கா,” என்றது முயல் மெல்ல.

“எதை?”

“நான் என்ன பாவம் செஞ்சேன்னு.”

“நம்ம ஆண்டவர் தலையிலயே முள்ளை வச்சு அழுத்தினாங்க. அவர் பின்னால போற நம்ம கால்ல ஒண்ணுகூடக் குத்தாதுன்னு உனக்கு யாருய்யா சொன்னது?”

முயல் மண்ணில் கிடந்த முள்ளைப் பார்த்தது.

“யாரும் சொல்லல அக்கா. நானேதான் சொல்லிக்கிட்டிருந்தேன்.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை முயல் எல்லார் கண்முன்னும் நொண்டிக்கொண்டே வந்தது. காதுகள் தொங்கிக் கிடந்தன.

“எனக்கு முள் தைச்சுது. தைச்சதை மறைச்சேன்.”

“அப்போ உபவாசம்?” என்றது தவளை.

“பொய்.”

ஸ்தோத்திரம் சொல்லத் தவளைகளுக்கு வாய் வரவில்லை. முயல் நண்டின் பக்கம் திரும்பியது.

“அக்கா, உங்க கொடுக்கு போன அன்னிக்கு நான் ஜெபிக்க வரல. உங்களைக் குத்தவாளியாக்க வந்தேன்.”

“அது அன்னிக்கே தெரியும்,” என்றது நண்டு. “நின்னது போதும், உட்காரு. கால் வலிக்கும்.”

கர்த்தரின் பின்னால் நடப்பவர்களுக்கும் பாடுகள் வரத்தான் செய்யும். பாடுபடுகிறவரிடம் காரணம் கேட்கப் போகாமல் கைகொடுக்கப் போவதே விசுவாசம்.