எண்ணூற்றுப் பன்னிரண்டு நிபந்தனைகள்

"மேடம், சிஸ்டம் ப்ரொசீஜரை ஏத்துக்கவே மாட்டேங்குது. உள்ள இடம் பத்தலையாம், ஸ்டாக் ஓவர்ஃப்ளோன்னே சொல்லுது. ஸ்டாக்கைக் கொஞ்சம் பெருசாக்கிக் குடுங்க."

கேட்டவர் தணிகாசலம். மருத்துவமனைக் கணினி அறையில் வேலை, வயது ஐம்பத்திரண்டு. வயதில் ரெஜினா அவருக்கு மகள் மாதிரி. ஆனால் டேட்டாபேஸில் அவள்தான் குரு. அதைச் சொல்ல அவர் வெட்கப்பட்டதில்லை.

டேட்டாபேஸுக்குள் அவர் எழுதி வைத்த நிரல்தான் அந்த ப்ரொசீஜர். அதற்கு ஒரே வேலைதான். செக்கப்புக்கு வர வேண்டியவர்களுக்குக் காலை ஏழு மணிக்கு மெசேஜ் அனுப்பும். இறந்தவர்களுக்கு அனுப்பக் கூடாது. போன வாரம் ஒரு வீட்டுக்குக் கருமாதியன்று மெசேஜ் போய், அந்த வீட்டு அம்மாள் வரவேற்பறையில் வந்து அழுதுவிட்டுப் போனாள். பாவம்.

ரெஜினா திரையைப் பார்த்தாள். 'இந்த நோயாளி எண் என்றால் அனுப்பாதே' என்று ஒரு நிபந்தனை. அதற்குள் இன்னொன்று. அதற்குள் இன்னொன்று.

"எத்தனை சார்?"

"எண்ணூத்திப் பன்னெண்டு. ஒரு சாவுக்கு ஒண்ணு."

"ஒண்ணுக்குள்ள ஒண்ணா இத்தனையையும் மெஷின் எங்க தாங்கும்? ஸ்டாக்கைப் பெருசாக்கலாம். அடுத்த மாசம் யாரும் சாக மாட்டாங்களா?"

அவர் கீபோர்டை அவள் பக்கம் நகர்த்தினார்.

"பேஷண்ட் டேபிள்ல ஒவ்வொருத்தருக்கும் இறந்த தேதிக்குக் கட்டம் இருக்கே. அதை நிரப்பினா ஒரே நிபந்தனை போதும். முதல் நாளே சொல்லிக் குடுத்தேனே."

"ஆமா."

"பின்ன ஏன் சார்?"

"இப்படியே ஆரம்பிச்சுட்டேன். பழகிடுச்சு."

ரெஜினா திரையில் மேலே போய், முதல் நிபந்தனையில் இருந்த எண்ணைத் தேடினாள். பெயர்: மரகதவல்லி. கணவர்: தணிகாசலம். இறந்த தேதி: காலி.

மூன்று வருஷத்துக்கு முன் அந்தச் சாவுக்கு அவளும் போயிருந்தாள்.

"அவ போன் என்கிட்டதான் இருக்கு மேடம். மெசேஜ் வந்தப்ப தாங்க முடியல. தேதி போடவும் மனசு வரல."

ரெஜினா இறப்புப் பதிவேட்டை எடுத்தாள். அதைப் பார்த்து மற்ற எண்ணூற்றுப் பதினொரு தேதிகளையும் சாயந்திரத்துக்குள் ஏற்றினாள். நிபந்தனைகளை அழித்து, ஒன்றே ஒன்று எழுதினாள். ப்ரொசீஜர் ஏறிக்கொண்டது.

"தேதி போடலைன்னா நாளைக்கு அவங்களுக்கும் மெசேஜ் போகும் சார்."

"அவளுக்கு மட்டும் தனியா ஒரு நிபந்தனை விட்டு வைக்கலாமா?"

"விடலாம். ஒண்ணைத்தானே, மெஷின் தாங்கும்."

சொல்லிவிட்டு நாற்காலியை விட்டு எழுந்தாள்.

அவர் அதில் உட்கார்ந்தார். மரகதவல்லியின் காலிக் கட்டத்தில் தேதியை அடித்தார்.

"நேரமும் கேக்குது மேடம்."

"தெரிஞ்சா போடுங்க."

"நாலு இருபது. அப்ப நான் டீ வாங்கக் கீழ போயிருந்தேன்."