தெரியாதவர் திறந்த கம்ப்யூட்டர்

விருத்தாசலம் கடைவீதியில் மங்களமாலை திருமணத் தகவல் நிலையம் என்று ஒன்று இருந்தது. முதலாளி தாயுமானவன். அவரிடம் வேலை பார்த்தவர்கள் குமாஸ்தா சடகோபன், டைப் அடிக்கும் கோமளவல்லி, டீ வாங்கிவரும் பிச்சாண்டி. நாலு பேரும் மகா புத்திசாலிகள் என்று அவர்களுக்குள் ஒருமனதாக முடிவாகியிருந்ததால், வேறு யாரும் அதைச் சோதித்துப் பார்க்கவில்லை.

பக்கத்துத் தெரு நிலையத்தில் எவனோ கம்ப்யூட்டருக்குள் புகுந்து பெண்களின் போன் நம்பரையெல்லாம் அள்ளிக்கொண்டு போய்விட்டான். தாயுமானவனின் கம்ப்யூட்டரில் ஊர்ப் பெண்களோடு சொந்த மகள் வெண்ணிலாவின் ஜாதகமும் அல்லவா இருந்தது! கடலூரிலிருந்து ஒரு நிபுணரைக் கூட்டிவந்தார். அவர் சொன்ன மூன்று விதிகளைப் பிச்சாண்டி சுவரில் கொட்டை எழுத்தில் எழுதினான். பாஸ்வேர்டை யார் கேட்டாலும் சொல்லாதே. முழு பாஸ்வேர்டும் ஒரே ஆளுக்குத் தெரியக் கூடாது. தெரிந்தவர் என்பதற்காக யாரையும் நம்பாதே.

"காகிதத்துல எதையும் விட்டுவைக்காதீங்க" என்று நிபுணர் போகிறபோக்கில் வேறு சொல்லிவிட்டார். அன்றைக்கே தாயுமானவன் வீட்டுக்குப் போய் மகளின் ஜாதக நோட்டை அடுப்பில் போட்டுவிட்டு நிம்மதியாகச் சாப்பிட்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை வெண்ணிலாவுக்குப் பார்த்திருந்த பண்ருட்டி மாப்பிள்ளையின் அப்பா ராஜமாணிக்கம் வருவதாக இருந்தது. பத்தரைக்கு ராகுகாலம். அதற்குள் வெண்ணிலாவின் ஜாதகம் கைக்கு வராவிட்டால் அப்படியே நெய்வேலிக்குப் போய் வேறு பெண்ணைப் பார்ப்பேன் என்று போனில் கறாராகச் சொல்லியிருந்தார். மூன்று வருடமாக அலைந்து அமைந்த ஒரே வரன் அது.

காலை ஒன்பதரைக்குக் கோமளவல்லி கம்ப்யூட்டரைப் போட்டாள். போட்டவள் கையை எடுத்துக்கொண்டாள்.

"அண்ணே, இது பாஸ்வேர்டு கேக்குது."

"யார் கேட்டாலும் சொல்லக் கூடாதுன்னு சுவத்துல இருக்கே" என்றார் சடகோபன்.

"கம்ப்யூட்டர் ஆளா?" என்றான் பிச்சாண்டி.

"ஆளோ இல்லையோ, கேக்குதா இல்லையா? அதுவும் காலையில மொத வேலையா கேக்குது. நல்லவன் எவனாவது இப்படிக் கேப்பானா?"

இருபது நிமிடம் விவாதித்தார்கள். கம்ப்யூட்டருக்கு ஏற்கெனவே விடை தெரியும், அதனால் அதனிடம் சொல்வது சொன்னதாகாது என்று தாயுமானவன் தீர்ப்புச் சொன்னார். அவர் வாழ்க்கையில் சொன்ன ஒரே புத்திசாலித்தனமான வார்த்தை அதுதான். அது தற்செயல்.

பாஸ்வேர்டில் எட்டு எழுத்து. இரண்டாவது விதிப்படி முதல்நாள் ராத்திரிதான் ஆளுக்கு இரண்டு எழுத்தாகப் பிரித்து வைத்திருந்தார்கள். ஒருவர் அடிக்கும்போது மற்ற மூவரும் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார்கள். யார் அடித்தார், யார் அடிக்கவில்லை என்று யாருக்கும் தெரியவில்லை. பிச்சாண்டி சந்தேகத்தில் இரண்டு முறை அடித்தான். கோமளவல்லி தன் முறை முடிந்துவிட்டதாக நினைத்து உட்கார்ந்துவிட்டாள். இப்படி நாலு தடவை தப்பாகப் போனதும், இன்னும் ஒரு தடவை தப்பானால் பூட்டிக்கொள்வேன் என்றது கம்ப்யூட்டர்.

மணி பத்து. மகளின் முகம் தாயுமானவனின் கண்முன் வந்து நின்றது.

"ஒரே ஆள் நிதானமா அடிச்சாத்தான் திறக்கும்" என்றார் சடகோபன். "ஆனா நம்ம நாலு பேர்ல யாருக்கும் முழுசா தெரியக் கூடாது. நாமெல்லாம் தெரிஞ்சவங்க. தெரிஞ்சவங்கள நம்பக் கூடாது."

"அப்ப தெரியாதவங்களத்தான் நம்பணும்" என்றாள் கோமளவல்லி. எல்லாரும் அவளை மரியாதையோடு பார்த்தார்கள்.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு பெரியவர் செருப்பைக் கழற்றினார். தாயுமானவன் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயா, உங்கள எங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க. பாத்ததில்ல. நான் வந்து..."

"பேரைச் சொல்லிடாதீங்க! சொன்னா தெரிஞ்சவராயிடுவீங்க."

அவரை உட்கார வைத்து, ஒவ்வொருவராக அவர் காதில் இரண்டிரண்டு எழுத்தைச் சொல்லிவிட்டு வந்தார்கள். பெரியவர் அடித்தார். ஒரே அடியில் திறந்துகொண்டது. நாலு பேரும் கைதட்டினார்கள்.

திரையில், தாயுமானவன் கடைசியாக எழுதிய ரகசியக் குறிப்பு இருந்தது. பெரியவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு உரக்கப் படித்தார்.

"பண்ருட்டிப் பையன் தங்கம். அப்பன் சரியான சிடுமூஞ்சி. வெண்ணிலாவுக்கு வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாது என்பதை அவனிடம் மூச்சுவிடக் கூடாது. தாலி ஏறும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு சிரிக்கவும்."

"நல்லவேளை, வெளியாள் படிச்சீங்க" என்று பெருமூச்சு விட்டார் தாயுமானவன். "அந்த சிடுமூஞ்சி கண்ணுல பட்டிருந்தா என் பொண்ணு கதி என்ன ஆகியிருக்கும்!"

"அந்த சிடுமூஞ்சி நான்தான். ராஜமாணிக்கம்."

சடகோபன்தான் சட்டென்று சுதாரித்துக்கொண்டார்.

"போச்சு! பேரைச் சொல்லிட்டாரு. இப்ப தெரிஞ்சவராயிட்டாரு. உடனே பாஸ்வேர்ட மாத்தணும். ஐயா, நீங்க உக்காந்திருக்கிற இடத்துலயே மாத்திடுங்க. நாங்க திரும்பிக்கிறோம்."

நாலு பேரும் சுவரைப் பார்த்து நின்றார்கள். ராஜமாணிக்கம் பொறுமையாகப் புது பாஸ்வேர்டைப் போட்டு, கம்ப்யூட்டரை அணைத்து, செருப்பை மாட்டிக்கொண்டு நெய்வேலி பஸ்ஸைப் பிடித்தார்.

மறுநாளிலிருந்து தினமும் காலை ஒன்பதரைக்குத் தாயுமானவன் பண்ருட்டிக்குப் போன் போட்டு பாஸ்வேர்டைக் கேட்டார். யார் கேட்டாலும் சொல்லக் கூடாதென்று உங்கள் சுவரிலேயே எழுதியிருக்கிறதே என்று சொல்லி, ராஜமாணிக்கம் தினமும் போனை வைத்தார்.

பத்தாவது நாள் தாயுமானவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"பாத்தீங்களாய்யா, என்ன ஒரு நம்பிக்கையான மனுஷன்! என்ன ஆனாலும் சரி, என் பொண்ண இவர் வீட்டுக்குத்தான் குடுப்பேன். கோமளா, அந்த ஜாதகத்த எடும்மா!"