முப்பது வண்டி உப்பு

கடல் இன்றைக்கு இருக்கும் இடத்துக்கு ஒரு கூப்பிடு தூரம் அப்பால் இருந்த காலம் அது. கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இந்தக் கதையில் வண்டிச் சத்தம் அதிகம்.

அந்தக் கடற்கரையில் கீரன் என்றொரு உப்பு வணிகன் இருந்தான். முதலில் அவனிடம் மூன்றே வண்டிகள், மூன்றே வண்டிக்காரர்கள். உப்பை ஏற்றிக்கொண்டு மலைநாட்டுக்குப் போவார்கள். கீரன் எல்லாருக்கும் முன்னால் நடப்பான். எந்த மாடு எந்த மேட்டில் முரண்டு பிடிக்கும், எந்த ஆள் எந்த இறக்கத்தில் பயப்படுவான், எல்லாம் அவனுக்குத் தெரியும். திரும்பிப் பார்த்தால் மூன்று முகமும் தெரியும்.

உப்பு விற்றது. மூன்று வண்டி பத்தாயிற்று. பத்து முப்பதாயிற்று. கீரன் அப்போதும் முன்னால்தான் நடந்தான். திரும்பிப் பார்த்தால் புழுதிதான் தெரிந்தது.

அந்தக் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. மூத்தவர் வண்டி முன்னால், புதியவர் வண்டி பின்னால். பின்னால் வருகிறவர்தான் எல்லார் புழுதியையும் விழுங்க வேண்டும்.

ஒரு வருஷம் மலைநாட்டுத் தலைவன் ஆள் அனுப்பினான். "மழை இறங்கும் முன் முப்பது வண்டி உப்பு என் கோட்டைக்குள் வர வேண்டும். வந்தால் மலைப்பாதை உங்களுக்கே. வராவிட்டால் வேறு கூட்டத்துக்கு."

பாதை போனால் முப்பது குடும்பத்தின் பிழைப்பும் போயிற்று. அன்றே புறப்பட்டார்கள்.

முதல் மலையின் இறக்கத்தில் கடைசி வண்டி பாய்ந்து சாய்ந்தது. ஓட்டியவள் வெண்ணி. புதிதாகச் சேர்ந்தவள், சமவெளியில் வைக்கோல் வண்டி ஓட்டிப் பழகியவள். கீரன் ஓடி வந்து, "பார்த்து ஓட்டு" என்றான். வண்டியை நிமிர்த்த அரை நாள்.

இரண்டாம் மலையின் இறக்கத்தில் மறுபடியும் சாய்ந்தது. "இறக்கம் வருகிறது என்று கொம்பு ஊதினேனே, காதில் விழவில்லையா?" என்றான். இன்னோர் அரை நாள்.

மூன்றாம் மலையிலும் சாய்ந்தது. இன்னோர் அரை நாள் கழித்து வண்டி நிமிர்ந்ததும் கீரன் சொன்னான்: "இறங்கு. ஊருக்குப் போ."

வெண்ணி இறங்கினாள். ஆனால் போகவில்லை.

"மூணு தடவையும் ஓடி வந்து திட்டினீங்க ஐயா. ஒரு தடவையாவது என் வண்டில ஏறி உட்கார்ந்து பார்த்தீங்களா?"

முதல் மூன்று வண்டிக்காரர்களில் ஒருவனான மூலன் சிரித்தான். "வண்டிதான் சாயுது. வாய் நல்லா நிமிர்ந்துதான் இருக்கு!"

கீரனின் முகம் கறுத்தது.  பிறகு வண்டியில் ஏறினான். "ஓட்டு."

கீரனின் கொம்பை வாங்கி மூலன் முன்னாலிருந்து ஊதினான்; முப்பது வண்டிகளின் கிறீச்சில் கீரனுக்கு அது கேட்கவில்லை. புழுதியில் முன் வண்டி தெரியவில்லை. மீதி இறக்கம் வந்தது, பாரம் மாடுகளின் கழுத்தை நெரித்தது.

"பின்னால் கட்டை கட்டலையா?"

"என்ன கட்டை?"

கீரன் திரும்பி வண்டியின் பின்புறத்தைப் பார்த்தான்; கட்டை இல்லை. இறக்கத்தில் வண்டியின் பின்னால் ஒரு கனத்த மரக்கட்டையைக் கயிற்றில் கட்டி இழுபட விடுவார்கள், வண்டி பாயாது. முதல் மூன்று பேருக்கும் அவனே கட்டிக் காட்டியிருந்தான். பிறகு வந்தவர்கள் முன்னால் போனவரைப் பார்த்துக் கட்டிக்கொண்டார்கள். புழுதிக்குள் வந்தவளுக்குப் பார்க்க எதுவுமில்லை. எல்லாருக்கும் தெரியும் என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான்.

இன்னும் ஒரு மலை இருந்தது. அதுதான் பெரியது. மேகம் அதன் தோளைத் தொட்டிருந்தது.

மறுநாள் காலை கீரன் வரிசையை மாற்றினான். "வெண்ணி முதலில் போகட்டும். எல்லாரும் அவள் வேகத்துக்குப் போவோம். மூத்தவர்கள் மூவரும் பத்து வண்டிக்கு ஒருவராகப் பக்கத்தில் நடக்கட்டும். நான் கடைசியில் வருகிறேன்."

"முப்பது வருஷமா தூசி திங்காம வந்த ஆளு நான்," என்றான் மூலன். "இப்போ திங்கணுமா கீரா?"

"நானும்தான் திங்கப் போறேன் அண்ணே."

"மழை வருதே! அவ வேகத்துக்குப் போனா எப்படி?"

"வண்டியை நிமிர்த்தியே ஒன்றரை நாள் போச்சு. அவ மெதுவா போறது அதைவிட மோசமா?"

பிறகு கீரன் வெண்ணியின் பக்கத்தில் மண்டியிட்டுக் கட்டையைக் கட்டினான், அவிழ்த்தான். அவளைக் கட்டச் சொன்னான். மூன்றாவது முடிச்சை அவள் பார்க்காமலே போட்டாள்.

ஏறினார்கள். உச்சியில் நிற்கவில்லை, இறங்கினார்கள். செங்குத்தான வளைவில் வெண்ணியின் வண்டி பாயப் பார்த்தது.

"மூக்கணாங்கயிற்றை விடாதே தாயி! மாட்டை மலைப்பக்கம் திருப்பு!" மூலன் ஓடி வந்து சக்கரத்துக்குக் கல் வைத்தான். வண்டி நின்றது.

வெண்ணி பின்னால் திரும்பிக் கத்தினாள்: "இந்த வளைவுல கட்டையை இறுக்குங்க!" அடுத்தவன் அதைத் தனக்கு அடுத்தவனிடம் கத்தினான். வாய்க்கு வாய் அது கடைசி வண்டிவரை போயிற்று. புழுதிக்குள் இருந்த கீரனுக்கும் கேட்டது. கடைசி வண்டியின் கட்டையை இறுக்கினான்.

கோட்டை வாசலில் மலைநாட்டுத் தலைவன் நின்றிருந்தான். முதல் வண்டி வந்தது.

"உங்கள் தலைவன் எங்கே? முன்னால் வராதவன் என்ன தலைவன்?"

வெண்ணி மாட்டைத் தட்டிக்கொடுத்தாள். "கடைசி வண்டி உள்ள வந்தா, அவர் வந்துட்டாருன்னு அர்த்தம்."

பத்து வந்தது. இருபது வந்தது. முப்பதாவது வண்டியும் கூரைக்கடியில் நுழைந்தது. அதன் பின்னால், தலை முதல் கால் வரை செம்புழுதியாக ஒரு மனிதன் வாசலில் நின்றான். அவன் தலையில் மழையின் முதல் துளி விழுந்தது.

மலைப்பாதை அவர்களுக்கே ஆயிற்று.

கேட்டீர்களா? ஆட்களைப் பெருக்குகிறவன், முதலில் வந்தவரோடு நடந்து கற்றுக்கொடுத்ததைக் கடைசியாக வந்தவரோடும் நடந்தே கற்றுக்கொடுக்க வேண்டும்.