ஒரே துணிக்குள்

அந்த மடத்தில் தீட்சை என்றால் குருவும் சீடரும் எதிரெதிரே உட்கார்ந்து, ஒரே துணியால் இருவர் தலையையும் மூடிக்கொள்வார்கள். மந்திரம் துணிக்குள்தான் சொல்லப்படும். வெளியே ஹோமப் புகை, கூட்டம், மேளம். உள்ளே இருட்டும் புழுக்கமும். மந்திரம் முடியும்வரை துணியை விலக்கக் கூடாது. விலக்கிய சீடருக்கு மறுபடி தீட்சை கிடையாது.

மறுநாள் மாசிலாமணியின் முறை.

அவர் குருவைவிட வயதில் மூத்தவர். கூட்ஸ் ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். காட்டிலும் மேட்டிலும் கடைசிப் பெட்டியில் தன்னந்தனியாக உட்கார்ந்து போன மனிதர். மனைவி இறந்த பிறகு மடத்துக்கு வந்தார். அந்தத் தீட்சையைத் தவிர அவருக்கு இந்த உலகத்தில் வேறு ஆசை இல்லை.

தீட்சைக்கு முந்தின நாள் சீடருக்குக் குருவே கஞ்சி காய்ச்சித் தருவது வழக்கம். குரு ஞானவடிவு அம்மை காலையிலேயே அடுப்படிக்கு வந்துவிட்டார். கஞ்சி கொதிக்கத் தொடங்கும் நேரத்தில் மாசிலாமணி கையில் பையோடு வந்து நின்றார்.

"இன்னும் ஆகலையே, ஐயா" என்றார் அம்மை.

"எனக்குக் கஞ்சி வேண்டாம்மா. ஊருக்குப் போறேன்."

"உள்ள வந்து சொல்லுங்க."

மாசிலாமணி பையைக் கீழே வைக்காமலே உட்கார்ந்தார்.

"எனக்கு ஒண்ணு வருதும்மா. திடீர்னு நெஞ்சு அடிச்சுக்குது. மூச்சு முட்டுது. கையெல்லாம் மரத்துப் போகுது. இந்த நிமிஷம் செத்துடுவேன்னு தோணுது. கொஞ்ச நேரத்துல அதுவா போயிடுது."

"டாக்டரைப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன். நெஞ்சுல ஒரு கோளாறும் இல்லையாம். பயம்தானாம்."

"மடத்துல யாருக்காவது தெரியுமா?"

"எல்லாருக்கும் தெரியும். உங்க காதுக்கு வராம நான்தான் பார்த்துக்கிட்டேன்."

எல்லாருக்கும் தெரிந்தால் என்ன ஆகும்? ஆளுக்கொரு வைத்தியம் சொல்லியிருந்தார்கள். ஒருவர் நெற்றி நிறையத் திருநீறு அப்பினார். ஒருவர் கண்ணேறு என்று சொல்லி உப்பைச் சுற்றிப் போட்டார். ஒருவர் பக்கத்தில் நின்றுகொண்டு, "மூச்சை நல்லா இழுங்க, இன்னும் இழுங்க" என்று கத்தி இவர் உயிரை வாங்கினார். இன்னொருவர், பக்தி குறைந்தவர்களுக்கு இப்படித்தான் வரும் என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனார். அநியாயமான பேச்சு. அதுதான் மாசிலாமணியின் மனதில் தங்கிவிட்டது.

"அது வர்றப்போ நீங்க என்ன செய்வீங்க?" என்று கேட்டார் அம்மை.

"நாமம் சொல்லுவேன்."

"எப்படின்னு சொல்லிக் காட்டுங்க."

மாசிலாமணி கண்ணை மூடி நமசிவாய என்று ஆரம்பித்தார். நாமம் வேகமானது. பயத்தை முந்திவிட வேண்டும் என்று நாமத்தை விரட்டினார். நாமத்தோடு மூச்சும் ஓடியது, மூச்சோடு நெஞ்சும் ஓடியது. சொல்லிக் காட்ட வந்தவருக்கு அது நிஜமாகவே வந்துவிட்டது. பை கையிலிருந்து நழுவியது.

"அம்மா, வந்துடுச்சு. நான் வெளியே போகணும்."

அம்மை பதறவில்லை. ஊதாங்குழலை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"போகலாம். அதுக்கு முன்னாடி இதை ஊதுங்க."

அவர் ஊதிய வேகத்தில் சாம்பல் பறந்து அம்மையின் முகமெல்லாம் அப்பியது. தீ குப்பென்று எழும்பி, கஞ்சி பொங்கி வழிந்தது. அம்மை முகத்தைத் துடைத்துக்கொண்டு ஒரு விறகை வெளியே இழுத்தார்.

"மெதுவா. சாம்பல் லேசா நகர்ந்தாப் போதும், தீ எழும்பக் கூடாது. மூச்சு தீர்ற வரைக்கும் விடுங்க. இழுக்கிறதை நினைக்காதீங்க, அது தானா வரும்."

"செத்துடுவேன்மா."

"சரி. ஊதுங்க."

ஊதினார். மறுபடி ஊதினார். சாம்பல் கொஞ்சமாக நகர்ந்தது.

"காலுக்குக் கீழே என்ன இருக்கு?"

"தரை."

"எப்படி இருக்கு?"

"ஈரமா இருக்கு. சில்லுன்னு."

"என்ன வாசனை வருது?"

மாசிலாமணி முகர்ந்து பார்த்தார். "கஞ்சி அடிப்பிடிச்சிருக்கும்மா."

"ஆமா. கிளற மறந்துட்டேன்."

அம்மை கஞ்சியைக் கிளறத் தொடங்கினார். மாசிலாமணி ஊதிக்கொண்டே இருந்தார். நெஞ்சு உடனே அடங்கிவிடவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறங்கியது. பிறகு குழலைக் கீழே வைத்துவிட்டு அழுதார். அம்மை அவரைத் தடுக்கவில்லை.

"போயிடுச்சும்மா" என்றார் கடைசியில். "இனி வராதில்ல?"

"வரும்."

அவர் முகம் தொங்கிப் போயிற்று.

"நாளைக்குத் துணிக்குள்ள வந்தா? அங்க அடுப்பு இல்லையே."

"உதடு இருக்கே. அதைக் குவிச்சு ஊதுங்க."

"அப்பவும் அடங்கலைன்னா? துணியைப் பிச்சுக்கிட்டு எழுந்துட்டேன்னா எல்லாம் போச்சும்மா. இத்தனை வருஷம் காத்திருந்ததெல்லாம் போச்சு. பயம்னா என்னன்னே தெரியாத உங்க எதிர்ல, இப்படி நடுங்கிக்கிட்டு நான் எப்படி உட்காருவேன்?"

அம்மை கஞ்சியைக் கிண்ணத்தில் ஊற்றி அவர் முன்னால் வைத்தார். உப்பையும் ஊறுகாயையும் பக்கத்தில் நகர்த்தினார்.

"அந்தத் துணியை மூடினதும் எனக்கும் வரும், ஐயா. ஒவ்வொரு தீட்சையிலயும் வரும்."

மாசிலாமணி அவரையே பார்த்தார். கிண்ணத்தைத் தொடவில்லை.

"அப்போ மந்திரத்தை எப்பம்மா சொல்லுவீங்க? அது போன பிறகா?"

"அது இருக்கும்போதேதான்" என்றார் அம்மை.