வெந்நீர் கேட்ட விரால்

மீன்கள் பேசினால் மனிதர்கள் நின்று காதுகொடுத்த அந்தக் காலத்தில், ஆம்பலேரி என்ற ஏரியில் ஒரு விரால் இருந்தாள். உடம்பு பெருத்தவள், பேச்சு குறைந்தவள். அவளுக்கு ஒரே சிநேகிதி ஒரு கெண்டை. அப்போதெல்லாம் விரால்கள் கெண்டைகளைத் தின்பதில்லை. பூச்சியும் புழுவுமே அவற்றுக்குப் போதும். கெண்டை விரல் நீளம்தான் இருப்பாள். வாய் மட்டும் ஓயாது.

"அக்கா, இன்றைக்குப் பாசி கசக்கிறது. அந்த நண்டு என்னையே முறைக்கிறது. வெயில் கண்ணைக் குத்துகிறது. நீயும் ஏதாவது பேசேன், அக்கா!"

விரால் பேசமாட்டாள். ஆனால் சொல்வதையெல்லாம் கேட்டுக்கொண்டு, ஆம்பல் இலைகளின் நிழலில் கெண்டையின் பக்கத்திலேயே நகர்வாள். எல்லா மீன்களையும் போல அவளும் அப்போது தண்ணீருக்குள்ளேயே மூச்சு வாங்கினாள். தண்ணீருக்கு வெளியே அவள் எட்டிப் பார்த்ததுகூட இல்லை.

ஒரு மார்கழியில் குளிர் கடுமையாக இறங்கியது.

"செத்தேன், அக்கா! வால் விறைத்துப்போய்விட்டது. யாராவது இந்த ஏரியைத் தூக்கி அடுப்பில் வைக்கக் கூடாதா?"

கெண்டை புலம்பாத நாள் கிடையாது. ஆனாலும் அன்று விராலுக்கு மனசு கேட்கவில்லை.

ஏரிக்கரையில் சிலம்பாயி என்றொருத்தி இருந்தாள். சுற்றுவட்டாரத்து நெல்லையெல்லாம் அண்டா அண்டாவாக அவித்துக் கொடுப்பது அவள் தொழில். நெல் அவித்த வெந்நீரைத் தூரத்துக் கட்டாந்தரைக்குச் சுமந்துபோய்க் கொட்டுவாள். படியில் நின்று அவள் அதைச் சொல்லி அலுத்துக்கொள்வதை விரால் கேட்டிருந்தாள். அவள் தண்ணீர் மொள்ள வந்தபோது, கடைசிப் படியருகே நீருக்குள் இருந்தபடியே விரால் கேட்டாள்.

"சிலம்பாயி, அந்த வெந்நீரை இங்கே விடேன்."

"எதற்கடி? எண்ணெய் தேய்த்துக் குளிக்கப்போகிறாயா?"

"என் கெண்டைக்குக் குளிருகிறது."

சிலம்பாயி சிரித்துவிட்டாள். "நல்லதாய்ப் போயிற்று. இடுப்பொடியச் சுமக்கிற வேலை எனக்கும் மிச்சம்."

அன்றே மண்வெட்டியை எடுத்து, அடுப்படியிலிருந்து ஏரிவரைக்கும் ஒரு வாய்க்கால் வெட்டினாள்.

வெந்நீர் இறங்கிய இடத்தில் மீன்கள் எல்லாம் கூடிவிட்டன. கெண்டை நடுவில் புகுந்து, வயிறு தெரியப் புரண்டாள். "ஆகா! எந்த மகராசி செய்த புண்ணியமோ!" விரால் வாய் திறக்கவில்லை. அத்தனை சந்தோஷமாக அவள் என்றும் இருந்ததில்லை.

மார்கழி போயிற்று. தையும் மாசியும் போயின. வாய்க்கால் மட்டும் நிற்கவில்லை. பங்குனி வெயிலில் ஏரி தானாகவே சூடேறியது. அதன்மேல் வெந்நீரும் விழுந்தது. முதலில் பாசி குழைந்தது. பிறகு நத்தைகள் பிடிவிட்டு அடியில் உதிர்ந்தன. பத்து முழம் நீந்துவதற்குள் மீன்களுக்கு இளைத்தது. வாய் நிறையத் தண்ணீரை இழுத்தாலும் அதில் மூச்சு இல்லை.

மிஞ்சியிருந்த பாசியில் கெண்டை தன் முட்டைகளை ஒட்டவைத்திருந்தாள். ஒரு காலையில் அவை எல்லாம் வெளுத்துக் கிடந்தன. ஒவ்வொன்றாக மூக்கால் தொட்டுப் பார்த்தாள். ஒன்றும் அசையவில்லை.

அன்றைக்குக் கெண்டை எதையும் புலம்பவில்லை. விராலால் அதைத் தாங்க முடியவில்லை.

"கெண்டை, வெந்நீர் கேட்டது நான்தான்."

"நீயா? ஏன் அக்கா?"

"குளிருகிறது என்றாயே."

"நான் எதைத்தான் சொல்லவில்லை? நண்டு முறைக்கிறது என்றேன். போய் நண்டை அடித்தாயா?" கெண்டை வெளுத்த முட்டைகளின் பக்கம் திரும்பினாள். "நீ பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தாயே, எனக்கு அதுவே போதுமாயிருந்ததே."

அதன்பின் விரால் படியருகே போய்ப் பலமுறை கூப்பிட்டாள்; இளைத்த குரல் கரைக்கு எட்டவில்லை. ஆடியில் ஆற்றின் புதுத்தண்ணீர் மதகு வழியாகச் சில்லென்று வந்தது. கெண்டைகள் கூட்டமாக அதை எதிர்த்து ஏறின.

"வா அக்கா, ஆற்றுக்குப் போய்விடலாம்."

விராலின் கீழே சிவப்புச் சிவப்பாகக் குஞ்சுகள் நெருக்கியடித்து நின்றன. நாணல் ஓரத்து நிழலில் அவள் காவல் இருந்து பிழைக்கவைத்தவை. அந்த வேகத்தை எதிர்த்து ஏற அவற்றால் முடியாது.

"இதுகளை விட்டுவிட்டு எப்படி வருவேன்?"

கெண்டை குஞ்சுகளை வெகுநேரம் பார்த்தாள். "சரி. ஏரி ஆறட்டும், வருகிறேன். மதகுப் பக்கம் ஒரு கண் வைத்துக்கொள்." நுரையில் ஒருமுறை வெள்ளியாக மின்னினாள். அப்புறம் காணவில்லை.

புதுத்தண்ணீர் நின்றது. ஏரி மறுபடியும் சூடேறியது. குஞ்சுகள் ஒவ்வொன்றாகப் பக்கவாட்டில் சாய ஆரம்பித்தன. விரால் படித்துறைக்கு விரைந்தாள். இந்த முறை நீருக்குள்ளிருந்து கூப்பிடக் குரலே எழவில்லை. முதல்முறையாகத் தலையை வெளியே நீட்டி வாயைத் திறந்தாள். சொல் வெளியே வருமுன் காற்று உள்ளே போயிற்று. தளர்ந்த உடம்பு நிமிர்ந்தது.

"சிலம்பாயி! தண்ணீரில் மூச்சு இல்லை. வாய்க்காலை அடைத்துவிடு!"

சிலம்பாயி அப்போதுதான் அண்டாவில் நீர் ஊற்றிச் சூடேற்றிக்கொண்டிருந்தாள். கொதி வருமுன்பே, அண்டாவின் ஓரங்களில் ஒட்டியிருந்த பொடிக் குமிழிகள் கழன்று, மேலே வந்து, காற்றோடு போய்க்கொண்டிருந்தன.

"அட பாவி நானே! தண்ணீரின் மூச்சு போவதைத் தினமும் பார்த்தேனே, புத்தியில் படவில்லையே!"

ஓடிப்போய் வாய்க்காலை அடைத்தாள். பெரிய குழி வெட்டி, வெந்நீரை அதில் ஆறவிட்டு, பிறகு வாழைக்குப் பாய்ச்சினாள். விராலோ குஞ்சுகளை ஒவ்வொன்றாக மேலே முட்டித் தள்ளினாள். "வாயைத் திறங்கள்! காற்றை விழுங்குங்கள்!" அவை விழுங்கின. பிழைத்தன.

ஐப்பசி மழையில் ஏரி குளிர்ந்தது. பாசி துளிர்த்தது. நத்தைகள் மறுபடி ஊர்ந்தன. நண்டு பழையபடி எல்லாரையும் முறைத்தது. கெண்டையிடம் சொல்வதற்கென்று விரால் இப்போது எவ்வளவோ பேச்சுச் சேர்த்து வைத்திருந்தாள்.

அடுத்த ஆடியில் மதகு வழியாகச் சில கெண்டைகள் வந்தன. விரால் ஒவ்வொன்றின் அருகிலும் போய் நின்று பார்த்தாள். எதுவும் அவளை "அக்கா" என்று கூப்பிடவில்லை.

அன்று முதல்தான் விரால் மீன், தண்ணீர் எவ்வளவு குளிர்ந்திருந்தாலும், கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை மேலே வந்து, ஒரு வாய் காற்று வாங்கி, மதகுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கீழே போகிறது.