வெள்ளைக் குடைச் சம்பளம்

கீழப்பொத்தையூர்க்காரர்களுக்கு மூளை இல்லை என்று சுற்றுவட்டாரத்தில் ஒரு பேச்சு உண்டு. அது அபாண்டம். எல்லோருக்கும் இருக்கிறது. வெளியே எடுத்துப் புழங்கினால் தேய்ந்துவிடுமே என்று பத்திரமாக வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அந்த ஊரில் பஞ்சர் கடை மாடியில் மூன்று பேர் கம்ப்யூட்டர் வேலை பார்த்தார்கள். இசக்கியப்பன், அவன் கூட்டாளி மாசானமுத்து, மாசானமுத்துவின் அக்கா முப்பிடாதி. மூவரும் முன்பு சென்னையில் ஒரே கம்பெனியில் இருந்தவர்கள். ஒருநாள் மேனேஜர் கூப்பிட்டு, "நாளைக்கு நீங்க வர வேண்டாம்" என்றார். நல்ல மனுசன், லீவு தருகிறார் என்று மூவரும் மறுநாள் கடற்கரைக்குப் போய்ச் சுண்டல் தின்றுவிட்டு, அதற்கடுத்த நாள் வேலைக்குப் போனார்கள். வாசலில் செக்யூரிட்டிதான் விஷயத்தை விளக்கிச் சொன்னார். அவர் விளக்கி முடிக்க மத்தியானம் ஆகிவிட்டது.

அதன் பிறகு ஊருக்கு வந்து சொந்தமாக வேலை பிடிக்கப் பார்த்தார்கள். மூன்று மாதம் ஒன்றும் சிக்கவில்லை. இசக்கியப்பனை அவன் மாமா தன்னுடைய செங்கல் சூளைக்கு மேஸ்திரியாக வரச் சொல்லிக்கொண்டே இருந்தார். இசக்கியப்பனுக்குச் சூளை என்றாலே ஆகாது. சின்ன வயதில் ஒருதரம், "இந்தக் கல்லு வெந்திருக்கான்னு பாரு" என்று மாமா சொல்ல, அவன் கடித்துப் பார்த்து முன்பல் ஒன்றைப் பறிகொடுத்திருந்தான்.

இந்த நிலைமையில்தான் ஒரு வெள்ளிக்கிழமை லண்டனிலிருந்து போன் வந்தது. பேசியவர் பரராஜசிங்கம். யாழ்ப்பாணத்துக்காரர், அங்கே ஒரு பெரிய கடைக்குக் கம்ப்யூட்டர் விவகாரம் பார்க்கிறவர்.

"தம்பி, வேலை உங்களுக்குத்தான். ஆறு மாசம். ஆனா காசு எப்பிடித் தாறது எண்டு நீங்கள்தான் சொல்ல வேணும். தனியாளா நிண்டு வாங்கிறியளோ, சொந்தமாக் கம்பனி துவங்கி வாங்கிறியளோ, இல்லாட்டிக் குடைக் கம்பனிக்குக் கீழ வாறியளோ? திங்கட்கிழமை பின்னேரத்துக்குள்ள சொல்லுங்கோ. இல்லையெண்டா வேற ஆக்களுக்குக் குடுத்திடுவினம்."

இசக்கியப்பன் போனை வைத்துவிட்டு மற்ற இருவரையும் பார்த்தான்.

"குடை என்னத்துக்கு?" என்றான்.

"லண்டன்ல மழை பெய்யும்லா" என்றாள் முப்பிடாதி. விவரம் தெரிந்தவள்.

"நாம இங்க இருந்துல்லா வேலை பாக்கப் போறோம்?"

"வேலை இங்க. காசு அங்க இருந்துல்லா வருது? நனையாம வரணும்லா?"

மற்ற இருவருக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. இருந்தாலும் பெரிய விஷயம், படித்தவர்களைக் கேட்டுக்கொள்வோம் என்று சனிக்கிழமை காலையில் ஆடிட்டர் செண்பகவல்லி அம்மாளைப் பார்க்கப் போனார்கள்.

அந்த அம்மாள் பொறுமைசாலி. ஒவ்வொன்றாகச் சொன்னார்.

"தனியாளா வாங்கினா அவங்கவங்க தனித்தனி. ஒருத்தர் விவகாரத்துல ஒருத்தர் தலையிட முடியாது. கம்பெனி ஆரம்பிச்சா குறைஞ்சது ரெண்டு இயக்குநர் வேணும். குடைக் கம்பெனின்னா லண்டன்காரர் பணத்தைக் குடைக் கம்பெனிக்கு அனுப்புவார், அவங்க உங்களுக்குத் தருவாங்க. எது பண்ணினாலும் பத்துல ஒண்ணைப் பிடிச்சுக்கிட்டுத்தான் தருவாங்க, அதுதான் வரி. முக்கியமா, கறுப்புல எதையும் வாங்கிராதீங்க. எல்லாம் வெள்ளையா இருக்கணும். மூணையும் நல்லாப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க."

இசக்கியப்பன் அத்தனையையும் உள்ளங்கையில் எழுதிக்கொண்டான். இடம் போதாமல் கடைசி வரி முழங்கை வரை போனது.

மூன்றையும் பார்க்கச் சொல்லிவிட்டார் அல்லவா? அன்றைக்கே முதலாவதைப் பார்த்தார்கள். தனியாள். முப்பிடாதி மாடி அறையில் இருந்துகொண்டாள். மாசானமுத்து மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்தான். இசக்கியப்பன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனான். அங்கே அவனைச் சுற்றி நாற்பது பேர் இருந்தார்கள். தனியாளாக இருக்க முடியாமல் தவித்துப் போனான்.

சரியாகப் பதினோரு மணிக்கு மாசானமுத்து அவனுக்குப் போன் போட்டான்.

"மாப்ள, தனியாத்தான இருக்க?"

"இருக்கப் பாக்கேன், முடியல. நீ?"

"இவ்வளவு நேரம் தனியாத்தான் இருந்தேன். இப்ப உங்கூடப் பேசுதேம்லா, கெட்டுப் போச்சு."

இருவரும் வருத்தப்பட்டார்கள். எதற்கும் அக்காவிடம் கேட்போம் என்று அவளையும் போனில் சேர்த்தார்கள். அவள் கடும் கோபத்தில் இருந்தாள்.

"ஏல, ஒருத்தர் விவகாரத்துல ஒருத்தர் தலையிடக் கூடாதுன்னு அந்த அம்மா சொல்லலையா? போனை வைங்கல!"

"நீ வைக்கச் சொல்லுதது தலையிடுததுதானக்கா?" என்றான் இசக்கியப்பன்.

இந்த ஏற்பாடு ஒத்துவராது என்று மூவரும் ஒரே மனதாக முடிவு செய்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை, சொந்தக் கம்பெனி. அதற்கு இரண்டு இயக்குநர்கள் வேண்டுமே? கீழப்பொத்தையூரில் இருந்தது ஒரே ஓர் இயக்குநர்தான். திருவிழாவுக்கு நாடகம் போடும் பூலுடையார். தோளில் சால்வை, கையில் ஊதாங்குழல் மாதிரி சுருட்டிய ஒரு நோட்டு, எந்நேரமும் கண்ணில் ஒரு சோகம். இசக்கியப்பன் போய் விஷயத்தைச் சொன்னான்.

"அண்ணாச்சி, எங்களுக்கு ரெண்டு இயக்குநர் வேணும். நீங்க ஒருத்தர்தான் இருக்கீங்க."

"அதுக்கென்ன தம்பி? இரட்டை வேஷம் கட்டீருதேன்" என்றார் பூலுடையார்.

சொன்னபடியே காலையில் மீசையோடு வந்து ஒரு மணி நேரம் இயக்கினார். பிறகு கீழே போய் மீசையைக் கழற்றிவிட்டு இரண்டாவது இயக்குநராக ஏறி வந்தார். மீசை இல்லாதவர், மீசைக்காரர் செய்துவைத்த வேலையெல்லாம் சுத்த மட்டம் என்றார். மீசைக்காரர் திரும்பி வந்ததும் அதைக் கேள்விப்பட்டு ஒரு மூச்சு அழுதார். இசக்கியப்பனுக்கு மீசைக்காரரைத்தான் பிடித்திருந்தது. மனுசன் கொஞ்சம் தணிந்த சுபாவம். சற்று நேரத்தில் அவரே இசக்கியப்பன் பக்கத்தில் வந்து நின்றார்.

"இசக்கி! புரோகிராம்ல தப்பு வந்திருக்கு. நீ என்னடான்னா சும்மா உக்காந்து தட்டிக்கிட்டு இருக்க! அதைப் பாத்ததும் நெஞ்சு வெடிக்க வேண்டாமா? எந்திரி, ரெண்டடி பின்னால போ, தலையில கை வை, 'ஐயோ'ன்னு ஒரு கூப்பாடு போடு!"

இசக்கியப்பன் எழுந்து, இரண்டடி பின்னால் போய், தலையில் கை வைத்து, மனதாரக் கூப்பாடு போட்டான். மூன்று மாத ஆற்றாமையும் சேர்ந்து வந்தது. கீழே பஞ்சர் கடைக்காரர் தெறித்து ஓடி வந்து பார்த்துவிட்டுப் போனார். பூலுடையார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அற்புதம்! கட்!" என்றார்.

மாசானமுத்து சொன்ன சொல்லைத் தட்டாதவன். கத்தரிக்கோலை எடுத்து, கைக்கு எட்டின இன்டர்நெட் வயரை வெட்டினான்.

"எதுக்குல வெட்டின?" என்றாள் முப்பிடாதி.

"இயக்குநர் சொன்னாருக்கா."

"எந்த இயக்குநர்?"

"மீசை வச்சவரு."

"அப்ப மீசை இல்லாதவர்ட்டயும் ஒரு வார்த்தை கேட்டுட்டுல்லா வெட்டணும்? ரெண்டு பேரு வேணும்னு எதுக்கு அந்த அம்மா சொன்னாவ?"

நியாயமான கேள்வி. மீசை இல்லாதவர் வந்ததும் கேட்டார்கள். அவர், தானாக இருந்தால் இன்னும் கொஞ்சம் தள்ளி வெட்டியிருப்பேன் என்றார். ஒரே கம்பெனியில் இரண்டு இயக்குநருக்குள் இப்படி ஒற்றுமை இல்லாவிட்டால் எப்படிப் பிழைப்பது? கம்பெனி அன்று மாலையே மூடப்பட்டது.

மிச்சம் இருந்தது குடை. திங்கட்கிழமை காலையில் இசக்கியப்பன் பஸ் ஏறி டவுனுக்குப் போனான். சூளையின் புகைக்கூண்டு ஜன்னல் வழியே தெரிந்தபோது கண்ணை இறுக மூடிக்கொண்டான். இதையும் கோட்டை விட்டால் நாளைக்கு அங்கேதான் நிற்க வேண்டும்.

அங்கே ஒரு குடைக் கடையில், மூன்று பேர் நிற்கும்படியான குடை வேண்டும் என்று கேட்டான். ரோட்டோரம் மீன் விற்கிறவர்கள் நட்டு வைப்பார்களே, அந்தப் பெரிய குடையைக் கடைக்காரர் எடுத்துப் போட்டார். கம்பியில் ஒரு அட்டை தொங்கியது. "மூன்று முயல் குடைக் கம்பெனி" என்று போட்டு, கீழே போன் நம்பர். ஆள் மூன்று, முயலும் மூன்று. இசக்கியப்பனுக்கு உடம்பு சிலிர்த்தது.

அங்கேயே நின்று அந்த நம்பருக்குப் பேசினான். எடுத்தவர் முதலாளி, பெயர் தாசையா.

"அண்ணாச்சி, லண்டன்ல இருந்து பணம் வரும். உங்க கணக்கு நம்பர் சொல்லுங்க."

தாசையா முப்பது வருடமாகக் குடை செய்கிறவர். கன்னியாகுமரியைத் தாண்டி அவர் குடை போனதில்லை. லண்டன் ஆர்டர் என்றதும் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுகொண்டே நம்பரைச் சொன்னார்.

மத்தியானம் மொட்டை மாடியில் குடையை நட்டு, மூவரும் அதன் கீழே நின்றுகொண்டு செல்போனில் பரராஜசிங்கத்தைக் கூப்பிட்டார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது. ஆனாலும் குடைக்குக் கீழே இருப்பதில் ஒரு தெம்பு இருக்கத்தான் செய்தது.

"ஐயா, முடிவு பண்ணியாச்சு. நாங்க குடைக்குக் கீழ வந்துட்டோம்" என்றான் இசக்கியப்பன்.

"நல்ல முடிவு தம்பி. கரைச்சல் இல்லை, தலையிடியும் இல்லை. எந்தக் குடைக் கம்பனி?"

இசக்கியப்பன் அண்ணாந்து பார்த்து, அட்டையில் இருந்ததை அப்படியே படித்தான். கணக்கு நம்பரையும் சொன்னான். பரராஜசிங்கம் எழுதிக்கொண்டார்.

வேலையில் மட்டும் குறை சொல்ல முடியாது. லண்டனிலிருந்து என்ன எழுதி வருகிறதோ, ஓர் எழுத்துக் கூடக் குறையாமல் அதை அப்படியே செய்தார்கள். சொன்னதைச் சொன்னபடி செய்கிற ஆட்களைத் தன் அனுபவத்தில் கண்டதில்லை என்று பரராஜசிங்கம் உருகிப் போனார்.

மாதம் முடிந்தது. தாசையாவிடமிருந்து போன் வந்தது.

"தம்பி, லண்டன் பணம் வந்துட்டு! இம்புட்டையும் நான் ஒருநாளும் சேத்துப் பாத்ததில்ல. சரக்கு எங்க இறக்க?"

"இங்கதான் அண்ணாச்சி, பஞ்சர் கடை வாசல்ல."

"கறுப்பா வேணுமா, கலரா வேணுமா?"

இசக்கியப்பனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆடிட்டர் அம்மாள் எவ்வளவு பெரிய மனுஷி! இப்படி ஒருத்தன் கேட்பான் என்று முன்கூட்டியே தெரிந்து சொல்லியிருக்கிறாரே!

"கறுப்பே வேண்டாம் அண்ணாச்சி!" என்று கத்தினான். "எல்லாம் வெள்ளை! ஒண்ணு விடாம வெள்ளை!"

பத்தாம் நாள் லாரி வந்தது. எழுநூற்று இருபது வெள்ளைக் குடைகள். கீழப்பொத்தையூரே திரண்டு வந்து பார்த்தது. இவ்வளவு சம்பளத்தை அந்த ஊர் அதுவரை கண்ணால் கண்டதில்லை. சூளை மாமாவும் வந்தார். மருமகனை ஏற இறங்கப் பார்த்தார். திரும்பிப் போனார். அன்றிலிருந்து செங்கல் பேச்சையே அவர் எடுக்கவில்லை.

சரிபார்க்க வேண்டாமா? மூவரும் ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தார்கள். சில குடைகள் கம்பி பிடித்துக்கொண்டு விரிய மாட்டேன் என்றன. முப்பிடாதி எண்ணினாள். சரியாக எழுபத்திரண்டு.

"பத்துல ஒண்ணைப் பிடிச்சுக்கிட்டுத்தான் தருவாங்கன்னு அந்த அம்மா சொன்னாவல்லா?" என்றாள். "கணக்கு அச்சுப் பிசகாம இருக்கு."

மறுநாளே அந்த எழுபத்திரண்டையும் கட்டிக்கொண்டு போய் வரி ஆபீஸில் இறக்கினார்கள். ஆபீஸில் இருந்தவர் அதற்கு எந்த விண்ணப்பம் என்று தேடினார். இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார் என்று கேள்வி.

மாதா மாதம் லாரி வந்தது. அறை நிறைந்தது, மொட்டை மாடி நிறைந்தது. ஐந்தாவது மாதம் ஐப்பசி. குடைகளை விரித்து வெயிலில் காய வைத்திருந்தபோது, திடுமென்று வானம் கறுத்து மழை கொட்டியது. வெள்ளைக் குடை, அழுக்குப் பட்டால் போச்சு. மூவரும் அலறியடித்து ஓடி, ஒவ்வொரு குடையாக மடக்கி நெஞ்சோடு அணைத்து உள்ளே கொண்டு சேர்த்தார்கள். இரண்டு மணி நேரம் தொப்பலாக நனைந்தார்கள். இடம் பற்றாமல் கடைசி நூறு குடையை வைக்கத் தங்கள் மூன்று நாற்காலியையும் மழையில் தூக்கிப் போட்டார்கள். உள்ளே வந்து சேர்ந்த பிறகு ஒரு குடைமேல் ஒரு பொட்டுத் தண்ணீர் படவில்லை. இசக்கியப்பன் தலையைத் துவட்டிக்கொண்டே, சம்பாதிப்பது பெரிதில்லை, அதைக் காப்பாற்றுவதுதான் பெரிது என்று நினைத்துப் பூரித்துப் போனான்.

ஆறு மாதம் முடிந்ததும் பரராஜசிங்கம் கூப்பிட்டார்.

"தம்பி, உங்கட வேலையில எல்லாருக்கும் நல்ல திருப்தி. இன்னும் ஆறு மாசம் நீட்டச் சொல்லீட்டினம். காசு பழையபடி குடைக் கம்பனிக்குத்தானே?"

இசக்கியப்பன் போனைக் கையால் பொத்திக்கொண்டான். மூவரும் தலையோடு தலை முட்ட, கால் மணி நேரம் ஆலோசித்தார்கள். முப்பிடாதி ஜன்னலைத் திறந்து வானத்தைப் பார்த்தாள். மாசானமுத்து கையை வெளியே நீட்டிப் பார்த்தான். பிறகு இசக்கியப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டு பேசினான்.

"இல்லங்கய்யா, குடை போதும். இங்க மழை விட்டுட்டு, பனி இறங்கிட்டு. உங்க ஊர்ல கம்பளிக் கம்பெனி ஏதாவது இருந்தா, அதுக்குக் கீழ வாறோம்."