காகிதத் தட்டுல நிச்சயதாம்பூலம்

சிங்காரபுரி ராஜா மகுடபூபதிக்கு எதிரி முரசு கேட்டா பயம் கிடையாது. பாத்திரம் தேய்க்கிற சத்தம் கேட்டாத்தான் உடம்பு நடுங்கும். மத்தியானம் சாப்பிட்டுட்டு அப்படியே சாய்வார். கண்ணு சொருகுற நேரம் பாத்து அடுக்களைப் பக்கம் டணார்னு ஒரு அண்டா உருளும். ராஜா எழுந்து உக்காந்து கைக்குழந்தை மாதிரி உதட்டைப் பிதுக்குவார்.

இந்த நேரம் பாத்து கடல் கடந்து ஒரு வியாபாரி வந்தான். காகிதத்துல தட்டு, காகிதத்துல குவளை, வாய் துடைக்கக் காகிதம், மூக்கு சிந்தக் காகிதம். தின்னு, துடை, தூக்கிப் போடு, அவ்வளவுதான்னான். கழுவற வேலை இல்லேன்னா சத்தமும் இல்லையே. ராஜா அவனைக் கட்டிப் புடிச்சு முத்தம் குடுக்காத குறை. வாழை இலை இருக்கேன்னு யாரோ மெதுவா சொல்லிப் பாத்தாங்க. இலையைத் தின்ன மாடு வரும், மாடு வந்தா கழுத்து மணி ஆடும்னு ராஜா அதையும் நிறுத்திட்டார்.

அப்புறம் அரண்மனைக் குடும்பம் அடிச்ச கூத்து இருக்கே. எது யார் குவளைன்னு தெரியாம மடக்குக்கு ஒரு குவளை எடுத்தாங்க. ரசம் ஊத்தினா தட்டு மடியை நனைச்சுது. ராஜா மீசையைத் துடைச்சா பாதிக் காகிதம் மீசையிலேயே தங்கிடும். அதோட தர்பாருக்கு வருவார். "மீசையில மல்லிகை பூத்த மாதிரி இருக்கு மகாராஜா"ம்பார் மந்திரி பெத்தபெருமாள். கொல்லையில காகிதம் மலையாக் குவிஞ்சுது. மாடு வந்து மோந்து பாத்துட்டு, பிடிக்காத சம்பந்தியைப் பாத்த மாதிரி மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுப் போச்சு.

தர்பார்ல விகடம் பேசுற இடும்பனுக்கு வாய் சும்மா இருக்குமா. "கொடிக்கம்பத்தைக் கொல்லைக்கு மாத்திடலாம் மகாராஜா. நாட்டுலேயே உசரமான எடம் இப்ப அதுதான்"னான்.

ராஜாவுக்குச் சுருக்குன்னு தச்சுது. காகிதத்தை எதுத்து இனி ஒரு வார்த்தை பேசினா அந்தக் குப்பை மேட்டு மேலதான் உனக்குக் குடிசைன்னு சொல்லிட்டார். மந்திரி கை தட்டினார்.

அதோட விட்டாரா அந்த மந்திரி? சும்மா கெடக்குற பாத்திரத்தை எல்லாம் உருக்கி மகாராஜாவுக்கு ஒரு சிலை வார்க்கலாமேன்னு எடுத்துக் குடுத்தார். தூங்குற கோலத்துல சிலை. ராஜா சொக்கிப் போயிட்டார்.

ராணி வடிவாம்பாள் இடும்பனைக் கூப்பிட்டனுப்பினாங்க. அந்தப் பாத்திரம் அத்தனையும் அவங்க பொறந்த வீட்டுச் சீர். ஒவ்வொண்ணுக்கு அடியிலயும் அவங்க அப்பா பேரு வெட்டியிருக்கும். ராணி கண்ணைத் துடைக்கக் காகிதத்தைத் தொடல. முந்தானையாலதான் துடைச்சாங்க.

"வர்ற வெள்ளிக்கிழமை பொண்ணுக்கு நிச்சயம். அது முடிஞ்சதும் எல்லாத்தையும் உலையில போடறாங்களாம். நீயாவது ஏதாச்சும் பேசேன் இடும்பா."

"பேசினா எனக்குக் குப்பை மேட்டுக் குடித்தனம், ராணியம்மா. பேசாம ஒரு வேலை செய்யறேன். நிச்சயத்துக்குத் தட்டு வைக்கிற பொறுப்பை மட்டும் என்கிட்ட விடுங்க."

வெள்ளிக்கிழமை மாப்பிள்ளையோட அப்பா மேலக்கோட்டை ராஜா பரிவாரத்தோட வந்து எறங்கினார். கூடவே அவரோட அக்கா, மாப்பிள்ளைக்கு அத்தை, அங்காயி நாச்சியார். அந்தம்மா சரின்னாத்தான் அந்த வீட்டுல அடுப்பே எரியும்.

தட்டு மாத்துற நேரம் வந்துது. வெத்தலை, பாக்கு, பழம், உச்சியில ஒரு குடுமித் தேங்காய். அடியில என்ன தட்டுன்னு தெரியாதபடி பட்டுப் புடவை தொங்குது. இடும்பன் ரெண்டு கையாலயும் அடியில தாங்கிக் கொண்டாந்து ராஜா கையில குடுத்தான். ராஜா பல்லெல்லாம் தெரிய சம்பந்தி பக்கம் நீட்டினார். சம்பந்தி அந்தப் பக்க ஓரத்தைப் புடிச்சார். நடுவுல தட்டு மெதுவா, ரொம்ப மரியாதையா, குனிஞ்சுது. தேங்காய் கீழ விழுந்துது. அது பாட்டுக்கு உருண்டு போய் அத்தை காலடியில நின்னுது.

அத்தை தேங்காயைப் பாத்தாங்க. தொங்கின தட்டைப் பாத்தாங்க. "இது என்ன தட்டு?"

மந்திரி மெதுவா ஒரு தூணுக்குப் பின்னால ஒதுங்கினார். இடும்பன் முன்னால வந்து கும்பிட்டான்.

"இதோட பெருமை தெரியாம கேக்குறீங்களே தாயே. கையில வாங்கணும், ஒரு தடவை வெச்சுக்கணும், தூக்கிப் போட்டுடணும். கழுவ வேணாம், துடைக்க வேணாம், பத்திரமா பாத்துக்க வேணாம். எங்க ராஜா வீட்டுல இப்ப எல்லாமே இப்படித்தான்."

"எல்லாமே இப்படித்தானா." அத்தை எந்திரிச்சாங்க. "அப்போ எங்க வீட்டுச் சம்பந்தத்தையும் இப்படித்தான் வெச்சுக்கப் போறாங்க. தம்பி, கெளம்பு."

பொண்ணு மூஞ்சியில ஈயாடல. ராஜாவுக்கு வேர்த்துக் கொட்டுச்சு. துடைக்கக் காகிதம் எடுத்தார், அது நெத்தியிலேயே ஒட்டிக்கிச்சு. ராணியோட வெங்கலத் தாம்பாளத்தைக் கொண்டு வாடான்னார்.

"அதைக் கழுவணுமே மகாராஜா." இடும்பன் கையைக் கட்டிக்கிட்டு நின்னான். "சத்தம் வருமே."

"சத்தம் வந்தாத்தாண்டா அது கல்யாண வீடு. ஓடு."

தாம்பாளம் வந்துது. அத்தை அதைத் திருப்பி, அடியில வெட்டின பேரைத் தடவிப் பாத்தாங்க. உங்க அப்பா குடுத்ததான்னு ராணிகிட்ட கேட்டாங்க. ராணி தலையாட்டினாங்க. "இத்தனை வருஷம் இதை வெச்சுக் காப்பாத்தின வீடு, எங்க புள்ளையையும் பாத்துக்கும்"னு சொல்லி உக்காந்துட்டாங்க. தட்டு மாறிச்சு. உலையும் அணைஞ்சுது.

சம்பந்தி கூட்டம் கெளம்பினதும் மந்திரி ஓடி வந்தார். காகிதத்தை எதுத்துப் பேசினா குப்பை மேட்டுல குடிசைன்னு சொன்னீங்களே, மறந்துட்டீங்களான்னு ராஜா காதுல ஓதினார். ராஜா இடும்பனை மொறைச்சார்.

"நான் எங்க மகாராஜா எதுத்துப் பேசினேன்? சபையறியப் புகழ்ந்துதானே பேசினேன். எதுத்துப் பேசினது அந்தத் தேங்காய். வேணும்னா அதுக்கு மேட்டுல ஒரு குடிசை போட்டுக் குடுங்க. துணைக்கு மந்திரி இருக்கட்டும்."

ராஜா சிரிச்ச சிரிப்புல நெத்தியில ஒட்டின காகிதம் பறந்துது. முத்து மாலையைக் கழட்டி இடும்பன் கழுத்துல போட்டார். வியாபாரியை அன்னைக்கே கப்பல் ஏத்தச் சொன்னார். அப்புறம்தான் ஞாபகம் வந்துது.

"எல்லாம் சரிடா. மத்தியானம் என் தூக்கத்துக்கு என்ன வழி?"

இடும்பன் பிரிக்காத கட்டுலேர்ந்து ஒரே ஒரு காகிதத்தை உருவினான். ரெண்டாக் கிழிச்சான். ரெண்டு உருண்டை உருட்டி நீட்டினான்.

"காதுல வெச்சுக்குங்க மகாராஜா. எந்திரிச்சதும் தூக்கிப் போட்டுடாதீங்க. நாளைக்கும் இதேதான்."